பதினாறு சொற்களின் நாடு

கிழக்கே கடல், மேற்கே மலை, நடுவில் நாற்பத்திரண்டு ஊர்கள். இப்படி மயிலோடை என்று ஒரு நாடு இருந்தது. இப்போதும் இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களோடு நமக்கு வழக்கில்லை.

அந்த நாட்டுக்கென்று பெரிய படையோ பொன் சுரங்கமோ கிடையாது. புறாக்கள் இருந்தன. ஒவ்வோர் ஊரிலும் ஒரு புறாமாடம். யாருக்கு எது சொல்லத் தோன்றினாலும் ஒரு பனையோலை நறுக்கில் எழுதி மாடத்தில் கொடுத்தால் போதும். எழுத்தர்கள் அதைப் படியெடுத்து எல்லா ஊருக்கும் அனுப்புவார்கள். மாலைக்குள் நாற்பத்திரண்டு மாடங்களிலும் அது கயிற்றில் தொங்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். ஒரே ஒரு கட்டுப்பாடுதான். பதினாறு சொல்லுக்கு மேல் எழுதக் கூடாது. அதுவும் அரசன் போட்ட சட்டம் அல்ல. அதற்கு மேல் போனால் ஓலை நீளும், புறா சுமக்காது.

மலையடிவாரத்துக் கருமுகடு என்ற ஊரில் நீலாயி வடகம் போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். வயது முப்பத்தெட்டு. கணவன் விஷக்காய்ச்சலில் போய்ப் பத்து வருடம். பிள்ளை இல்லை. வெங்காய வடகம், தாளிப்பு வடகம், சுண்டை வற்றல் என்று கூரைமேல் காயவைத்து, ஊர்ச் சந்தையில் விற்று, மீந்ததை வீட்டில் அடுக்கிவைப்பாள். ஒரு நாள் மாடத்துக்குப் போய் ஒரு நறுக்கு வாங்கினாள்.

அவளுக்கு முன்பே வியாபாரிகள் அங்கே எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். அதே ஊர்ப் பொரியுருண்டைக்காரர் ஒருவர் நாளைக்குப் பத்து நறுக்கு எழுதுவார். பத்திலும் ஒரே வாசகம்: 'வாங்குங்கள், வாங்குங்கள், இதைப்போல் உருண்டை எங்கும் கிடைக்காது.' ஜனங்கள் தெருவில் விழுந்து கிடக்கும் வாழைப்பழத் தோலைத் தாண்டுவதுபோல அதைத் தாண்டிப் போவார்கள். நீலாயிக்கு அப்படிக் கூவத் தெரியாது. அவள் எழுதிய முதல் நறுக்கு இது:

'நேற்று விற்ற தாளிப்பு வடகத்தில் உப்பு கூடிவிட்டது. வாங்கியவர்கள் குழம்பில் உப்பைக் குறைத்துப் போடுங்கள். பிழை என்னுடையது.'

மாடக் காவலர் சடையாண்டி அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, சரக்கு நல்லாருக்குன்னு எழுதுவாங்க. நீ கெட்டுப்போச்சுன்னு எழுதுறியே. யாரு வாங்குவா?"

"வாங்குனவங்க குழம்பு கரிக்கக் கூடாதுல்ல அண்ணே."

அந்த நறுக்குக்கு இருபத்தேழு ஊர்களிலிருந்து பதில் வந்தது. 'குழம்பு தப்பியது, நன்றி' என்று ஒருத்தி. 'உப்பைச் சொல்கிறவள் புழுவையும் சொல்வாள். எனக்கு இரண்டு படி அனுப்பு' என்று ஒரு சத்திரத்துச் சமையல்காரர். நீலாயி இருபத்தேழு பேருக்கும் பதில் எழுதினாள். அதன் பிறகு தினமும் எழுதினாள். வெயில் எப்படி, மாவு புளித்ததா, காக்கை எத்தனை கொத்திக்கொண்டு போனது. விற்பதைப் பற்றிப் பத்தில் ஒன்றில்தான் இருக்கும். மற்ற ஒன்பதும் பேச்சு. யாராவது வயிற்றுப்போக்குக்குச் சுண்டை வற்றல் ஆகுமா என்று கேட்டால், தெரிந்தவரைக் காட்டிவிடுவாள். ஆறு மாதத்தில் அவள் கூரை போதாமல் பக்கத்து வீட்டுக் கூரையும் வடகத்தால் வெளுத்தது.

அந்த இருபத்தேழு பதில்களில் ஒன்று கடற்கரை ஊரான உப்புத்துறையிலிருந்து வந்தது. எழுதியவர் மாசிலாமணி, உப்பளத்துக்காரர்.

'பிழை உங்களுடையது இல்லை. உப்பு எங்கள் ஊருடையது. இந்த வருடம் உப்புக்குக் கரிப்பு அதிகம்.'

நீலாயி அதை மூன்று முறை படித்தாள். தன் பிழையை இன்னொருவர் வந்து பாதி தூக்கிக்கொள்வது அவளுக்குப் புதிதாக இருந்தது.

அப்படித்தான் தொடங்கியது. கருமுகட்டிலிருந்து உப்புத்துறைக்கு நடந்தால் ஒன்பது நாள். புறாவுக்கு அரை நாள். 'இங்கே கடல் இன்று பச்சை. அங்கே மலை என்ன நிறம்?' என்று அவர் கேட்பார். 'நீலம். உங்கள் கடலிலிருந்து கொஞ்சம் அள்ளிக்கொண்டது போல' என்பாள் இவள். ஒரு நாள் அவர் எழுதினார்: 'மனைவி இறந்து ஆறு வருடம். அவள் வைத்த முருங்கை இன்று முதல்முறை காய்த்தது.' நீலாயி மூன்று நாள் யோசித்து, நான்காம் நாள் பதில் போட்டாள்: 'காயைத் தனியாகத் தின்னாதீர்கள். பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள்.' நாற்பத்திரண்டு ஊரும் படிக்கிற கயிற்றில்தான் இதெல்லாம் தொங்கியது. ஒளிவுமறைவு இல்லை. ஆனாலும் அவளுக்கு மட்டும் எழுதியது எது என்று அவளுக்குத் தெரியும். வடகக்காரம்மா என்று அவர் அழைப்பார். உப்புக்காரரே என்று இவள் அழைப்பாள். மூன்று வருடம் போனது. அவர் உயரமா குள்ளமா என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததும் அவளுக்குப் பிடித்திருந்தது.

இந்த நிலையில் கோநகரில் மன்னர் குடிகாப்பார் ஒரு நாள் மாடத்துக்கு எழுந்தருளி, கயிற்றை நிமிர்ந்து பார்த்தார். வடகம், உப்பு, முருங்கை, யாரோ ஒருவரின் பல்வலி. தன்னைப் பற்றி ஒன்றும் இல்லை. முகம் வாடி அரண்மனை திரும்பினார்.

சொல்லமைச்சர் திருமலைக்கொழுந்து அன்றே முதல் ஆணையை வாசித்தார். "குடிகள் மன்னரை நினைக்காமல் இல்லை. நினைப்பதை எழுத மறந்துவிடுகிறார்கள். அவர்களின் மறதிக்கு அரசு உதவ விரும்புகிறது. இனி ஒவ்வொரு நறுக்கின் முடிவிலும் 'குடி காக்கும் மன்னர் வெல்க' என்ற நான்கு சொற்கள் இடம்பெறும்."

பதினாறில் நான்கு போனால் பன்னிரண்டு. நீலாயி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் ஒரு தூண் நடுகிறார்கள், சுற்றிப் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அந்த வருடம் மழை பொய்த்தது. கயிறுகளில் 'மழை இல்லை' என்ற நறுக்குகள் பெருகின. அமைச்சர் இரண்டாம் ஆணையை வாசித்தார். "வறட்சி என்ற சொல் மக்களைக் கலவரப்படுத்துகிறது. அது நீக்கப்படுகிறது. மழை என்ற சொல் வறட்சியை நினைவூட்டுகிறது. அதுவும் நீக்கப்படுகிறது. வெயில் என்பது மழை இல்லாததன் மறுபெயர் என்று அறிஞர் குழு கண்டறிந்திருப்பதால் அதுவும்." இதற்கிடையே கோநகரில் மன்னரின் சிலையை மன்னரே திறந்துவைத்ததால் 'அறத்தின் வேலி, கொடையின் கடல்' என்ற பட்டங்களும் வாழ்த்தில் சேர்ந்தன. மிஞ்சியவை எட்டுச் சொற்கள்.

வெயிலைச் சொல்லாமல் வடகத்தை எப்படிச் சொல்வது? நீலாயி யோசித்து எழுதினாள்: 'மேலே இருப்பவர் இன்று கடுமை. வடகம் கருகுகிறது.'

மறுநாள் காலை வட்டார அதிகாரியிடமிருந்து ஆள் வந்தது. அதிகாரி நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் அவளுடைய நறுக்கு.

"மேலே இருப்பவர் என்று யாரைக் குறிப்பிடுகிறீர்கள்?"

"சூரியனைத்தாங்க."

"அவர் கடுமையானவர் என்று எழுதியிருக்கிறீர்கள்."

"ஆமாங்க. வடகம் கருகுதுல்ல."

அதிகாரி கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அம்மா, நீங்கள் சூரியனைச் சொன்னதாகவே வைத்துக்கொள்வோம். படிக்கிறவர்கள் வேறு யாரையோ நினைத்துச் சிரித்திருக்கிறார்கள். பதினெட்டு ஊர்களில் சிரித்திருக்கிறார்கள். அவர்கள் யாரை நினைத்தார்கள் என்று நான் அறிக்கை எழுத முடியாது. எழுதினால் நானும் நினைத்ததாக ஆகும். ஆகவே இனி மேலே இருக்கும் எதைப் பற்றியும் எழுதாதீர்கள். கூரை உட்பட."

அன்று மாலை உப்புத்துறையிலிருந்து பதில் வந்திருந்தது: 'எங்கள் ஊரிலும் மேலே இருப்பவர் அப்படித்தான். உப்பு பூக்கிறது.' நீலாயி மாடத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் கயிற்றடியில் சிரித்தது அதுதான் கடைசி.

அடுத்து சிவப்பு நூல் வந்தது. பிடித்த நறுக்கில் யாரும் ஒரு நூல் கட்டலாம். நூல் அதிகமுள்ளது கண் மட்டத்தில் தொங்கும். இல்லாதது உத்தரத்துக்குப் போகும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நூற்கண்டுகள் அரண்மனையில் இருந்தன என்பது பிறகு தெரிந்தது. கண் மட்டம் முழுக்க மன்னரின் திருவாக்குகளும் பொரியுருண்டையும் தொங்க, நீலாயி தன் உப்புக்காரரின் நறுக்கைப் படிக்க ஏணி கேட்க வேண்டியதாயிற்று. ஏணியில் ஏற அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டுத் தருபவர் செவ்வாய் மட்டும் வருவார்.

பட்டங்கள் வளர்ந்தன. 'பகைவரின் இடி.' 'யானைகளின் தந்தை.' 'புலவர்களின் புலவர்.' மன்னருக்குப் பதினான்கு சொல், குடிகளுக்கு இரண்டு.

இரண்டு சொல்லில் வியாபாரம் என்ன செய்ய முடியும்? 'வடகம் உண்டு' என்று எழுதலாம். எந்த வடகம், என்றைக்கு, கருகியதா, காய்ந்ததா? கேட்பவர்களும் இரண்டு சொல்லில் கேட்க வேண்டும். ஆறே வாரத்தில் வெளியூர்க் கேட்பு நின்றுபோயிற்று. பக்கத்து வீட்டுக் கூரை மறுபடி ஓட்டு நிறமானது.

அதைவிடப் பெரிய காரியம் ஆலந்துறையில் நடந்தது. அந்த ஊர் வைத்தியர், குளத்தில் ஏதோ நச்சு கலந்திருப்பதைக் கண்டார். நச்சு, சாவு, நோய் எல்லாம் நீக்கப்பட்ட சொற்கள். ஆகவே 'குளத்துநீர் வேண்டாம்' என்று எழுதினார். கோநகரில் அது மக்கள் கோரிக்கை என்ற பிரிவில் சேர்க்கப்பட்டது. நீர் வேண்டாம் என்று குடிகளே கேட்பதால், ஆலந்துறைக்கு ஆற்றிலிருந்து வரும் வாய்க்காலையும் அடைத்து அரசு உடனடியாக உதவியது. வேறு வழியில்லாமல் ஊர் குளத்துநீரையே குடித்தது. பதினோரு பேர் இறந்தார்கள். அடுத்த நாள் ஆலந்துறையிலிருந்து வந்த நறுக்குகள் எல்லாவற்றிலும் 'நலமே, நன்றி' என்றிருந்தது. நீலாயி அவற்றின் கீழே நின்றாள். அந்த ஊரில் அவளிடம் வற்றல் வாங்கும் மருத்துவச்சி ஒருத்தி உண்டு. இருக்கிறாளா என்று கேட்க இரண்டு சொல் போதும். கேட்டாள். பதில் வரவில்லை.

அவளும் மாசிலாமணியும் அந்த இரண்டு சொல்லில்தான் வாழ்ந்தார்கள்.

'நலமா, உப்புக்காரரே?'

'இருக்கிறேன். நீங்கள்?'

'இருக்கிறேன்.'

ஒரு சொல்லை அவள் வெற்றாக விட்டிருந்தாள். அவர் அதைக் கவனித்துவிட்டார். மறுநாள் வந்தது: 'மற்றச் சொல்?'

நீலாயி நறுக்கை மடியில் வைத்துக்கொண்டு மாடத்துப் படியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். சடையாண்டி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் ஒரே சொல் எழுதினாள்: 'வைத்திருக்கிறேன்.'

எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தவள், வைத்திருந்த அந்தச் சொல்லை நாளைக்கு எழுதிவிடலாம், நாளைக்கு எழுதிவிடலாம் என்று நான்கு நாள் தள்ளினாள். ஐந்தாம் நாள் முரசு கொட்டினார்கள். தம்மைப் புகழ்வதை மன்னர் சிறிதும் விரும்பாதவர் என்பதால், அதைப் பாராட்டி 'தன்னடக்கத்தின் சிகரம்' என்ற பட்டமும் சூட்டப்பட்டிருக்கிறது.

பதினாறும் முடிந்தது.

"குடிகளுக்கு இனி எழுதும் சிரமமே இல்லை," என்று அமைச்சர் விளக்கினார். "பதினாறு சொல்லும் அச்சுக்கட்டையால் பதித்தே வரும். பெயர் மட்டும் போட்டால் போதும். எல்லாரும் சொல்ல விரும்பும் நல்லதை அரசே சொல்லிவிடும்போது, தனித்தனியாக எதற்குச் சொல்ல வேண்டும்?"

நீலாயி பெயர் போடவில்லை. நறுக்கு வாங்குவதையே நிறுத்திவிட்டாள். ஆனால் மாடத்துக்குப் போவதை நிறுத்த முடியவில்லை. போனால், கண் மட்டத்தில், பளிச்சென்று, உப்புத்துறை மாசிலாமணியின் பெயர். மன்னர் வெல்க. காலையில் ஒன்று, நண்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று. முதல் வாரம் அவள், பாவம், பெயரையாவது காட்டுகிறாரே என்று நினைத்தாள். இரண்டாம் மாதம் அப்படி நினைக்க முடியவில்லை. வாழ்த்துவதில் மனிதருக்கு இத்தனை ருசியா? ஐந்தாம் மாதம் ஒரு விடியலில், கூரையில் காயப்போட ஒன்றும் இல்லாத வெறும் கூடையைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், அதில் இரண்டு சேலையையும் ஒரு சேர் வடகத்தையும் வைத்துக் கட்டினாள்.

"எங்கம்மா?" என்றார் சடையாண்டி, தெருவில் வழிமறித்து.

"ஒரு ஆளை ஒரு கேள்வி கேக்கணும் அண்ணே."

"அதுக்கு ஒம்பது நாள் நடக்கப்போறியா?"

"புறாவுல ஏத்த முடியலையே."

வழியெல்லாம் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். சந்தைக்கும் இல்லை, திருவிழாவுக்கும் இல்லை. மூன்றாம் நாள் ஒரு சத்திரத்தில் தலைநரைத்த பள்ளி வாத்தியார் ஒருவர் அவளோடு சோற்றுக்கு உட்கார்ந்தார். கயிற்றில் பதினோரு வருடமாக ஒற்றெழுத்து எங்கே மிகும், எங்கே மிகாது என்று ஒருவரோடு சண்டை போட்டவராம். அந்த ஆள் தென்கோடியில் இருக்கிறார்.

"பார்த்து என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டாள் நீலாயி.

"திட்டணும்மா. நேருல. அவனைத் திட்டாம எனக்குச் சோறு இறங்கல." சொல்லிவிட்டு இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப தினமும் மன்னரை வாழ்த்துறான். அதுல ஒத்தெழுத்துப் பிழையே இல்லம்மா. அதுதான் பயமா இருக்கு."

ஒன்பதாம் நாள் மாலையில் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. ஆளைத் தெரியாது, வீடு தெரியாது. அவளுக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். மாடத்தைக் கேட்டு நடந்தாள். கருமுகட்டு மாடத்தைப் போலவே அதுவும் இருந்தது. அதே கயிறு, அதே சிவப்பு நூல். கண் மட்டத்தில் ஒரு நறுக்கு காற்றில் திரும்பியது. ஓலை இன்னும் ஈரப்பச்சையாக இருந்தது. பதினாறு சொல் வாழ்த்து. கீழே பெயர்: நீலாயி, கருமுகடு. இன்றைய நாள்.

அவள் கூடையைத் தரையில் வைத்தாள். ஒன்பது நாளாக அவள் கருமுகட்டில் இல்லை. ஐந்து மாதமாக எழுத்தாணியைத் தொடவில்லை.

பக்கத்தில் ஒருவர் அதே நறுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பதை நெருங்கிய மனிதர். உப்பு அரித்த பாதங்கள். வேட்டி முழங்காலுக்கு மேல். அவளிடம் சொல்வதுபோலவும், தனக்கே சொல்வதுபோலவும் சொன்னார்:

"இந்தம்மா முன்னெல்லாம் இப்படி எழுத மாட்டாங்க. தப்பைத்தான் மொதல்ல சொல்லுவாங்க."

நீலாயி அவர் பாதங்களைப் பார்த்தாள். "நீங்க தினமும் மூணு தடவை எழுதுறீங்களே," என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தை, கூடையை, கூடைவாயில் தெரிந்த வடகத்தை.

"நான் எழுதி அஞ்சு மாசமாச்சு," என்றார் மெல்ல. "நீங்க எழுதுறீங்கன்னுதான் தினமும் வந்து பார்க்கிறேன். பார்த்துட்டுத் திட்டிக்கிட்டே போவேன்."

"நானும் எழுதல."

இருவரும் மேலே பார்த்தார்கள். அவள் பெயருள்ள நறுக்கும் அவர் பெயருள்ள நறுக்கும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஒன்று வாழ்த்தியது, மற்றது ஆமோதித்தது. கீழே ஏராளமான சிவப்பு நூல்.

"அந்த மற்றச் சொல்லு," என்றார் அவர். "வைச்சிருக்கேன்னீங்க."

"வழியில தேடிப் பார்த்தேன். அது இந்த ஒம்பது நாள் நடைக்குப் போதுமானதா தெரியல. அதான் ஆளாவே வந்துட்டேன்."

அவர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று யாரும் நினைத்திருக்கலாம்.

மாட அதிகாரி வந்து என்ன கூட்டம் என்றார். இருவரும் பெயரைச் சொல்லி, இந்த நறுக்குகள் தாங்கள் எழுதியவை அல்ல என்றார்கள். அதிகாரி ஏட்டைப் புரட்டினார். பொறுமையானவர், கோபப்படவில்லை.

"கருமுகட்டு நீலாயி இன்று காலை கருமுகட்டில் நறுக்கு எழுதியிருக்கிறார். ஆகவே அவர் கருமுகட்டில் இருக்கிறார். நீங்கள் இங்கே இருக்கிறீர்கள். ஆகவே நீங்கள் அவர் இல்லை."

"நான்தாங்க நீலாயி."

"அம்மா, ஏடு அப்படிச் சொல்லவில்லை. உப்புத்துறை மாசிலாமணி நாள் தவறாமல் மூன்று முறை வாழ்த்துபவர். இவரோ ஐந்து மாதம் எழுதவில்லை என்று தாமே ஒப்புக்கொள்கிறார். ஆகவே இவரும் அவர் இல்லை. அந்த இருவரும் நல்ல குடிகள். மன்னரே தொடரலாமா என்று அடுத்த மாதம் நடக்கவிருக்கும் குடிவாக்குக்கு இப்போதே வாக்கு அளித்துவிட்டார்கள். அவர்கள் பெயருக்குக் களங்கம் வரும்படி நீங்கள் பேசக் கூடாது." கொஞ்சம் யோசித்து இரக்கத்தோடு சேர்த்துக்கொண்டார். "உங்களை அப்படியே விட்டுவிட முடியாது. பெயர் பதியாத பெண், பெயர் பதியாத ஆண் என்று எழுதிக்கொள்கிறேன். அரசு அளக்கும் அரிசிக்கு அது போதும்."

நீலாயி திரும்பிப் போகவில்லை. கருமுகட்டில்தான் ஒரு நீலாயி இருக்கிறாளே. பெயர் பதியாத இருவர் ஒரே வீட்டில் குடியிருந்தால் யாரைக் கேட்டு எந்த விதியில் சேர்ப்பது என்று தெரியாததால், ஊரில் யாரும் கேட்கவில்லை. உப்பள வரப்பில் பாய் விரித்து அவள் வடகம் காயவைத்தாள். கடற்காற்றில் காய ஒரு நாள் கூடுதலாயிற்று. மாசிலாமணி இரவு உணவின்போது பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார் என்பதும், தூங்கும்போதும் பேசுவார் என்பதும் நறுக்குகளில் தெரியாத செய்திகள். குடிவாக்கில் மன்னர் வென்றார். நாட்டின் குடித்தொகையைவிட ஆயிரத்து நூறு வாக்குகள் அதிகம். கூடுதல் அன்பு என்று அமைச்சர் விளக்கினார்.

எல்லாம் கிடைத்தும் அவளுக்கு ஒன்று குறைந்தது. அது மாசிலாமணியால் தீர்கிற குறையும் இல்லை. யாரோ ஒருவரின் பல்வலி. புளித்த மாவைப் பற்றிக் கேட்கிற முகம் தெரியாத பெண். தன் குழம்பு தப்பியது என்று சொல்ல ஒரு நறுக்கை வீணாக்கியவள். அந்த நாற்பத்திரண்டு ஊர் இரைச்சல் எங்கே போயிற்று என்று வரப்பில் உட்கார்ந்து மலைப் பக்கம் பார்ப்பாள். மலை அங்கிருந்து தெரியாது.

செவ்வாய்தோறும் மாடத்துக்குப் போய், ஏணிச் சீட்டு வாங்கி, கயிறு முழுக்கப் படித்துவிட்டு வருவாள்.

"அங்க என்ன இருக்குன்னு போற?" என்பார் மாசிலாமணி. "எல்லாம் அச்சுக்கட்டை."

"யாராவது இருக்காங்களான்னு பார்க்கத்தான்."

ஒரு வருடம் கழிந்து ஒரு மாலை. உத்தரத்தோரம் ஒரு நறுக்கு. கட்டையில் பதித்தது அல்ல, கையெழுத்திலிருந்து படியெடுத்தது. அறத்தின் வேலி, கொடையின் கடல், பகைவரின் இடி, யானைகளின் தந்தை, புலவர்களின் புலவர், தன்னடக்கத்தின் சிகரம். எல்லாப் பட்டங்களும் ஒழுங்காக இருந்தன. கடைசி வரியில் மட்டும் ஓர் எழுத்து மாறியிருந்தது. 'குடி காக்கும் மன்னர் செல்க.' படியெடுக்கிறவர்கள் எழுத்தைப் பார்ப்பார்கள், வாசிப்பதில்லை. நாற்பத்திரண்டு ஊரிலும் அது அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அனுப்பிய ஊர் ஆலந்துறை. பெயர் அவள் அறியாத பெயர்.

அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெரியாமல் வந்த பிழையாக இருக்கலாம். கை தவறியிருக்கலாம். அப்படியென்றாலும் தவறுகிற கை ஒன்று அங்கே இருக்கிறது.

இறங்கி வந்து, எழுத்தர் முன்னால் நின்றாள்.

"ஒரு நறுக்கு குடுங்கய்யா."

எழுத்தர் வியப்போடு நிமிர்ந்தார். அவரிடம் யாரும் நறுக்குக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. "பதிச்சதே இருக்கும்மா. பேரைப் போட்டாப் போதும்."

"எனக்குப் பேரும் இல்லைங்க. கையால எழுதலாமா?"

"எழுதலாம். சொந்தக் கையால வாழ்த்துறது இன்னும் விசேஷம்னுதான் விதியில இருக்கு." அவர் வெற்றோலை ஒன்றைத் தேடி எடுத்து, தூசி தட்டி நீட்டினார்.

நீலாயி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, எழுத்தாணியின் முனையை விரலில் தொட்டுப் பார்த்தாள்.

"எழுதி ரொம்ப நாளாச்சுங்க," என்றாள். "எங்கேயாவது ஒரு எழுத்து பிழையாயிருந்தா பொறுத்துக்கணும்."